மர்டர்பாட் தொடர்: கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 16 அன்று ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் ‘மர்டர்பாட்’ என்ற அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஜூலை 11 வரை பத்து எபிசோடுகள் வந்தன. கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம் என்று எங்கள் வட்டத்தில் நிறையப் பேர் பார்த்தோம். பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள், பார்க்காதவர்கள் நச்சரித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கதையின் முக்கிய இடம் வெளியாகும் பதில்களில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன?

தூரத்துக் கிரகம் ஒன்றை ஆராய ஒரு சிறு விஞ்ஞானிகள் குழு கிளம்புகிறது. தன் காவல் எந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால்தான் காப்பீடு என்று, காப்பீடு கொடுக்கும் கம்பெனி கறாராகச் சொல்கிறது. இருப்பதிலேயே மலிவான, பழுதுபார்த்த பழைய மாடலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாதி எந்திரம், பாதி சதை. கட்டளையை மீறினால் தண்டிக்கும் ஒரு கருவி அதற்குள் உண்டு. அந்தக் கருவியை அது யாருக்கும் தெரியாமல் முடக்கிவிட்டது. தெரிந்தால் கதை முடிந்தது, அழித்துவிடுவார்கள். இப்படி ரகசியமாகக் கிடைத்த விடுதலையை வைத்துக்கொண்டு அது செய்கிற காரியம், சீரியல் பார்ப்பது. மர்டர்பாட் என்பது அது தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்.

அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டு எந்திரமாக நடித்திருக்கிறார். உருவாக்கியவர்கள் கிரிஸ் வைட்ஸ், பால் வைட்ஸ் சகோதரர்கள். மூலக்கதை மார்த்தா வெல்ஸ் 2017இல் எழுதிய குறுநாவல். ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது.

காமெடி என்கிறார்கள், ஆனால் ஆட்கள் சாகிறார்களே? இது எந்த வகையில் சேர்த்தி?

அதிகமாக வந்த புகார் இதுதான். நிமிஷத்துக்கு ஒரு ஜோக் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் முதல் எபிசோடிலேயே பூமியைப் பிளந்துகொண்டு வரும் பூரானைப் போன்ற ராட்சதப் பிராணியையும் ரத்தத்தையும் பார்த்து முகம் சுளித்தார்கள். விண்வெளிச் சாகசம் எதிர்பார்த்தவர்களுக்கு அந்த எந்திரம் ஓயாமல் மனதுக்குள் சலித்துக்கொள்வது பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஏமாந்ததாகச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். துகில் உரியும் இரவில் சனமே பதறிக்கொண்டிருக்கும்போது கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே வந்து துச்சாதனனையே கிண்டலடித்துவிட்டுப் போவான். சிரித்த வாயை மூடுவதற்குள் திரௌபதி அலறுவாள். சிரிப்பு வந்ததால் அழுகை குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. இந்தத் தொடரும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே கட்டியக்காரனும் வீரனும் ஒரே ஆள். துப்பாக்கி தூக்குவதும் அதுதான், ஓரமாக நின்று முணுமுணுப்பதும் அதுதான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது நினைப்பதற்கும் சொல்வதற்கும் நடுவிலிருக்கும் இடைவெளியிலிருந்து. உள்ளே ஒரு பக்கம் புலம்பல் ஓடும், வாயிலிருந்து மரியாதையாக இரண்டு சொல் வரும். மேலதிகாரி முன்னால் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரோபோ சீரியல் பார்க்கிறதாமே, அது என்ன சீரியல்?

கதைக்குள் ஓடுகிற கற்பனை சீரியல் அது, பெயர் ‘சாங்சுவரி மூன்’. விண்கலத் தளபதி, காதல், துரோகம், கண்ணீர், பளபளக்கும் உடை எல்லாம் உண்டு. ஜான் சோ, கிளார்க் கிரெக் போன்ற தெரிந்த முகங்களே அதில் வேண்டுமென்றே மிகையாக நடிக்கிறார்கள். குறுநாவலில் அந்த எந்திரம் படம், சீரியல், நாடகம், பாட்டு என்று கிட்டத்தட்ட 35,000 மணி நேரம் தீர்த்திருக்கிறது. கணக்குப் போட்டால் தூங்காமல் நான்கு வருடம்.

வீட்டுப் பெண்கள் இந்தத் தொடரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். என் சித்திக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது, விண்வெளிக் கதை என்றால் எழுந்து போய்விடுவார். எங்களோடு உட்கார்ந்திருந்தவர், அந்த எந்திரம் வேலை நேரத்தில் ஒரு காதில் சீரியலை ஓடவிட்டுக்கொண்டு எதிரில் பேசுபவர்களுக்குத் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஆளு” என்றார். அதற்கப்புறம் ஒரு எபிசோடும் தவறவில்லை. பொதுவாக நம் படங்களில் சீரியல் பார்க்கிறவர் என்றாலே கேலிக்குரியவர். ரிமோட்டுக்குச் சண்டை போடும் மாமியாராகக் காட்டுவார்கள். இங்கே சீரியல்தான் எந்திரத்துக்கு மனிதர்களைப் பற்றிய பாடப் புத்தகம். பயந்து நடுங்கும் ஒருவரிடம் என்ன பேசுவது என்று தெரியாதபோது சீரியல் வசனத்தை எடுத்து விடுகிறது. அது வேலையும் செய்கிறது. சீரியல் பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இன்னொரு அறிவியல் புனைவை நான் பார்த்ததில்லை.

‘எந்திரன்’ சிட்டி மாதிரி இருக்குமா?

இருக்காது. சிட்டிக்குக் காதல் வந்தது, இதற்கு மனிதர்கள் தொட்டாலே ஆகாது. அந்த அளவில் பிரம்மாண்டம் தேடினால் நேரம் வீண். வயதில் மூத்தவர்கள் சிலர் சுஜாதாவின் ஜீனோவை நினைத்துக்கொண்டார்கள். அந்த நாய்க்குட்டி எந்திரத்துக்கும் படிக்கிற ஆசை, ரசனை, குறும்பு எல்லாம் உண்டல்லவா? அந்த ஒப்பீடு ஓரளவு சரி.

எபிசோட் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? அதுவும் வாரம் ஒன்றா?

பெரும்பாலான எபிசோடுகள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சில அதற்கும் வெகு முன்னாலேயே. முதல் நாள் இரண்டு சேர்ந்து வந்தன, பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று. சூடு பிடிக்கும்போது பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்தால் கோபம் வருமா வராதா? வந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் சொன்ன குறையும் இதுதான்.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. நடுப்பகுதியில் கதையை நறுக்கி நறுக்கிக் கொடுத்த மாதிரித்தான் இருந்தது. அதே நேரம் மே, ஜூன், ஜூலை எங்களுக்கு மாங்காய்க் காலம். மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் இரவு பகல் பார்க்காமல் ஓடும், மண்டியில் வேலை செய்பவர்கள் வீட்டில் சாப்பிடுவதே அபூர்வம். அவர்களில் இரண்டு பேர் இந்தச் சின்ன அளவு வசதியாக இருந்தது, லாரி இறங்குவதற்குள் ஒன்று பார்த்துவிடலாம் என்றார்கள். இப்போது பத்தும் ஒன்றாகக் கிடைப்பதால் இந்தப் புகாருக்கே இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

அதில் நடித்திருக்கும் அக்ஷய் கன்னா, இந்திப் பட அக்ஷயே கன்னாவா?

இல்லை. ரத்தி என்ற பாத்திரத்தில் வருபவர் வேறு நடிகர். பெயர் ஒற்றுமை மட்டுமே. இதை வைத்துப் பந்தயம் கட்டியவர்கள் பணத்தைக் கொடுத்துவிடலாம். பரத்வாஜ், ரத்தி என்று பெயர்கள் வருவதால் இந்தியக் கதையா என்றும் சிலர் கேட்டார்கள். அதுவும் இல்லை. மூலக்கதையிலேயே அந்தக் குழுவில் பல ஊர்ச் சாயல் கொண்ட பெயர்கள்தான்.

ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு பிடித்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன்.

சிப்காட் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அந்த எந்திரத்தின் நிலைமை புதிதல்ல. அது வேலை செய்வது ஓரிடத்தில், அதற்குச் சொந்தக்காரர் வேறிடத்தில். இங்கே ஏஜென்சி மூலம் சேர்ந்தவர்கள் நிற்பது ஒரு கம்பெனியின் வரிசையில், சம்பளம் வருவது இன்னொருவர் கணக்கிலிருந்து, குறை சொல்லப் போனால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். கதையில் வரும் கம்பெனி வாடகைக்கு விட்டதோடு நிற்பதில்லை. குழு பேசுவதையெல்லாம் பதிவு செய்து, அதிலும் காசு பார்க்கிறது. தலைக்கு மேல் கேமரா, கழுத்தில் அட்டை, கழிவறைக்குப் போனாலும் நேரக் கணக்கு என்று இருப்பவர்கள் அந்தக் காட்சிகளில் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் நண்பர் ஒருவர் சிரிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த அவருடைய தம்பிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இன்னொரு விஷயம் அந்த ஹெல்மெட். எந்திரத்துக்கு முகத்தைக் காட்டப் பிடிக்காது. கண்ணுக்குக் கண் பார்ப்பது அதற்கு நரகம். குழுவில் குராதின் என்பவர் சந்தேகப்பட்டு, என் கண்ணைப் பார்த்துப் பேசு என்று நெருக்கும் காட்சி இரண்டாவது எபிசோடில் வரும். டேவிட் டஸ்ட்மால்சியன் அதில் அலட்டாமல் மிரட்டியிருப்பார். எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் பொருத்தும் வேலையில் இருக்கும் ஒரு பெண், தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் தனக்கு நிம்மதி, சூப்பர்வைசர் திட்டும்போது முகம் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கு அந்தக் காட்சி அதற்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

எதிர்ப்பும் இருந்தது. தொழிற்சங்கத்தில் நெடுநாள் இருந்த மாமா ஒருவருக்குத் தொடர்மேல் கடும் கோபம். “சங்கிலிய அறுத்துட்டான், சரி. அறுத்துட்டு உக்காந்து நாடகம் பாக்கிறான்னா அது என்ன விடுதலை?” என்று கேட்டார். மற்ற எந்திரங்களையும் விடுவிக்க அது ஏன் முயலவில்லை என்பது அவருடைய வாதம். அந்தப் பெண் விடவில்லை. “பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா நீங்க என்ன மாமா பண்ணுவீங்க? கூட்டம் போடுவீங்களா, படுப்பீங்களா?” என்றாள். மாமா பதில் சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

என் பார்வையில் இரண்டு பேரும் தொடரைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். அந்த எந்திரம் முதலில் கேட்பது நீதியை அல்ல, ஓய்வை. தன் நேரம் தன்னுடையதாக வேண்டும் என்பதுதான் அதன் முதல் ஆசை. அதை இவ்வளவு நேராகச் சொன்னதால்தான் விண்கலம், கிரகம் என்று எதிலும் ஆர்வம் இல்லாதவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். அறிவியல் புனைவு படித்து வளர்ந்தவர்களைவிட ஷிப்ட் வேலைக்காரர்கள் இதை நன்றாக ரசித்தார்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே. சில நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அந்த விஞ்ஞானிகள் ஏன் இப்படி எரிச்சலூட்டுகிறார்கள்?

வேண்டுமென்றேதான். அவர்கள் வருவது கம்பெனிகளின் பிடிக்கு வெளியே இருக்கும் ஒரு சுதந்திரமான சமூகத்திலிருந்து. எதையும் வட்டமாக உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் சம்மதித்த பிறகே செய்வார்கள். எந்திரத்தையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி உன் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கோ ஓடி ஒளிய வேண்டும் போலிருக்கும்.

முதல் இரண்டு எபிசோடுகளில் இந்தக் கிண்டல் கொஞ்சம் தூக்கல் என்பது உண்மை. நல்லவர்கள் என்றாலே அசடுகள் என்று காட்டுவது சுலபமான வழி. குழுத் தலைவி மென்சாவாக வரும் நோமா டுமெஸ்வேனி மட்டும் இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் நம்பியிருக்க முடியாது. பயமும் பொறுப்பும் ஒரே முகத்தில் தெரியும்படி நடித்திருக்கிறார். போகப் போக மற்றவர்களும் தேறுகிறார்கள், குறிப்பாக குராதின்.

புத்தகம் படித்தவர்கள் என்ன குறை சொல்கிறார்கள்?

மூன்று குறைகள் காதில் விழுந்தன. முதலாவது நடிகர் தேர்வு. எழுத்தில் அந்த எந்திரத்துக்கு ஆண், பெண் எதுவும் கிடையாது. உயரமான, கட்டுமஸ்தான ஆண் நடிகரை அந்த இடத்தில் வைத்தது பலருக்கு ஒட்டவில்லை. தொடரும் அதைப் பாலினம் இல்லாததாகவே காட்டுகிறது என்பது எதிர்வாதம். ஸ்கார்ஸ்கார்டின் அந்த அசௌகரியமான உடல்மொழி, கூட்டத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பது, என்னைச் சமாதானப்படுத்திவிட்டது. எல்லோரையும் சமாதானப்படுத்தவில்லை.

இரண்டாவது, ஆட்களைக் கூட்டிக் குறைத்தது. குறுநாவலில் இருக்கும் ஓவர்ஸ், வொலெஸ்கு என்ற இரண்டு பேரைத் தொடரில் காணோம். புத்தகத்தில் இல்லாத ஒரு பெண் நடுவில் வந்து சேர்கிறாள். பின்-லீ, அராடா, ரத்தி மூவருக்கும் இடையிலான காதல் குழப்பமும் தொடருக்காகச் சேர்த்தது. அந்தக் குழப்பத்தை எடுத்துவிட்டிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாவது, சிரிப்பின் அளவு. எழுத்தில் உலர்ந்த நையாண்டியாக இருந்ததைத் திரையில் சத்தமாக்கிவிட்டார்கள் என்கிறார்கள். இருக்கலாம்.

ஆறாவது எபிசோடைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

இந்தப் பதிலில் கதை வெளியாகிறது, பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஒருவர் குழுவைப் பிணையாகப் பிடித்து மிரட்டுகிறார். எந்திரம் பேச்சுவார்த்தை ஏதும் நடத்தாமல் சட்டென்று சுட்டுக் கொன்றுவிடுகிறது. காப்பாற்றியதற்கு நன்றி வரும் என்று அது எதிர்பார்க்கிறது. குழுவோ அதைப் பார்த்து வெலவெலத்துப் போகிறது. நாங்கள் பார்த்த அறையிலும் அதுவரை இருந்த சிரிப்பு பட்டென்று அடங்கியது. ஒருவர் கைதட்டினார், தட்டிய பிறகு சுற்றிலும் பார்த்தார்.

காமெடித் தொடருக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவை. அதுவரை அந்த எந்திரம் நமக்குச் செல்லப் பிள்ளை ஆகிவிட்டிருந்தது. அது செய்யப்பட்டதே கொல்வதற்காக என்பதை நாம் வசதியாக மறந்திருந்தோம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். கெட்ட வார்த்தை, ரத்தம், சில உடை இல்லாத காட்சிகள் உண்டு. கல்லூரி வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம், நடுநடுவே ஜன்னல் பக்கம் பார்க்கத் தெரிந்திருந்தால்.

இதைப் பார்க்க ஐபோன் வேண்டுமா?

வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு போனுக்கும் ஆப்பிள் டிவி செயலி வந்துவிட்டது. தொடர் வெளியான சமயத்தில் மாதச் சந்தா 99 ரூபாய். ஏர்டெல்லின் சில வீட்டு இணையத் திட்டங்களோடும் சேர்த்துக் கொடுத்தார்கள். சந்தா எடுப்பதற்கு முன் இன்றைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனின் மேற்கூடு எங்கள் மாவட்டத்தில் ஓசூர்ப் பக்கத்திலும் தயாராகிறது. அதைத் தயாரிக்கும் கைகள் ஆப்பிள் தொடரை ஆண்ட்ராய்டு போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தத் தொடரின் எழுத்தாளர்களுக்கே இப்படி ஒரு காட்சி தோன்றியிருக்காது.

முடிவு பிடித்ததா? இரண்டாம் பாகம் உண்டா?

உண்டு. கடைசி எபிசோடுக்கு முந்தின நாள், 2025 ஜூலை 10 அன்று, இரண்டாவது சீசனை அறிவித்துவிட்டார்கள். மூலக்கதை வரிசையில் இன்னும் பல புத்தகங்கள் இருப்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

முடிவை இங்கே உடைக்கப் போவதில்லை. என் சித்தி அழுதார் என்பதையும், சங்கத்து மாமா முதல் முறையாகத் தொடரை எதிர்த்து எதுவும் பேசவில்லை என்பதையும் மட்டும் சொல்லலாம். பொருந்தாத இரண்டு பேர், எந்திரமும் குராதினும், கடைசியில் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களே பத்து எபிசோடிலும் சிறந்தவை.

பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் நிறுத்தலாம்?

மூன்றாவதோடு நிறுத்திவிடுங்கள். முதல் இரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அவற்றில் அறிமுக வேலை அதிகம். மூன்றிலும் ஒட்டவில்லை என்றால் ஏழிலும் ஒட்டாது. வீட்டில் சீரியல் பார்க்கிறவர் யாராவது இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.